கீபாஸ்எக்ஸ்சி: மூணு வருஷம் ஓட்டிப் பாத்துட்டு எழுதுறேன்

மொதல்லயே சொல்லிடுறேன், இது நல்ல சாஃப்ட்வேர். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, அக்கவுன்ட் ஓபன் பண்ணச் சொல்லாது, ரெண்டு நாளைக்கு ஒருக்கா "எங்களுக்கு அஞ்சு ஸ்டார் குடுங்க"ன்னு வந்து நிக்காது. ஆனா எல்லாருக்கும் சரிப்பட்டு வருமான்னு கேட்டா, வராது. எங்க குடும்பத்துலயே மூணு பேர்ல ஒருத்தருக்குத்தான் செட் ஆச்சு, அது நான். மத்த ரெண்டு பேர் கதைய பின்னாடி சொல்றேன்.

என்ன சாமான்னு தெரியாதவங்களுக்கு: பாஸ்வேர்ட் மேனேஜர். நம்ம எல்லா பாஸ்வேர்டையும் ஒரே ஃபைல்ல பூட்டி வைக்கும், அந்த ஃபைலோட பேரு கேடிபிஎக்ஸ்னு முடியும், அத திறக்க ஒரு மாஸ்டர் பாஸ்வேர்ட், அவ்ளோதான் மேட்டர். அந்த ஃபைல் நம்ம மெஷின்லதான் இருக்கும், எவன் சர்வர்லயும் போய் உக்காராது. பேர்ல கொஞ்சம் கொழப்பம் இருக்கு, அதையும் இங்கயே தீத்துடுவோம். டொமினிக் ரைக்ல்னு ஒருத்தர் 2003ல விண்டோஸுக்காக ஆரம்பிச்சது கீபாஸ். அத லினக்ஸ்ல ஓட்டணும்னு வேற சில பேர் பண்ணது கீபாஸ்எக்ஸ். அது மந்தமா போனதும் அதுல இருந்து கிளை பிரிஞ்சு வந்ததுதான் கீபாஸ்எக்ஸ்சி, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். தேடும்போது மூணு பேரும் வரும், கடைசில "சி" இருக்கான்னு பாத்து எறக்குங்க. பூட்டு, சாவி மாதிரி ஏதோ ஒரு ஐகான் இருக்குன்னு நம்பி எதையாச்சும் எறக்கிடாதீங்க, அதிகாரப்பூர்வ சைட்ல இருந்து மட்டும்தான்.

இதுக்கு முன்னாடி நான் எப்படி இருந்தேன்னு சொன்னா சிரிப்பீங்க. என்கிட்ட ஒரு "ஃபார்முலா" இருந்துச்சு. ஒரு வார்த்தை, அது கூட அந்த சைட் பேரோட மொத ரெண்டு எழுத்து, அப்புறம் ஒரு அட், அப்புறம் ஒண்ணு. எல்லா சைட்டுக்கும் வேற வேற பாஸ்வேர்ட், ஆனா எல்லாம் ஞாபகத்துல இருக்கும், நான் எவ்ளோ பெரிய மூளைக்காரன்னு ஒரு நெனப்பு. ஒருநாள் சும்மா இருக்காம ஹேவ் ஐ பீன் போன்ட் சைட்ல என் மெயில் ஐடிய போட்டுப் பாத்தேன். டிராய் ஹன்ட்னு ஒரு ஆஸ்திரேலியாக்காரர் 2013ல ஆரம்பிச்ச சைட் அது, எங்கெங்க கசிஞ்ச லிஸ்ட்ல நம்ம மெயில் இருக்குன்னு சொல்லும். நாலு எடத்துல இருந்துச்சு. அதுல ரெண்டுல பாஸ்வேர்டும் சேந்தே போயிருக்கு. அந்த ரெண்டு பாஸ்வேர்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா ஃபார்முலா என்னன்னு ஸ்கூல் பையன் கூட கண்டுபுடிச்சிடுவான். மெஷின் கண்டுபுடிக்காதா?

திருடுறவன் நம்ம ஒவ்வொருத்தரையும் உக்காந்து யோசிச்சு கண்டுபுடிக்கிறான்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க. அவனுக்கு ஏன் அந்த வேல. ஒரு எடத்துல கசிஞ்ச லிஸ்ட எடுத்து, இன்னும் நூறு எடத்துல மெஷின விட்டுப் போட்டுப் பாப்பான், எங்க திறக்குதோ அங்க உள்ள போவான். 2009ல ராக்யூன்னு ஒரு கம்பெனில இருந்து 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்ட் வெளிய போச்சு, என்கிரிப்ட் கூட பண்ணாம அப்படியே எழுத்து எழுத்தா வச்சிருந்தாங்க, அதுல அதிகம் பேர் வச்சிருந்தது 123456. அந்த லிஸ்ட வச்சு இன்னிக்கு வரைக்கும் பாஸ்வேர்ட் உடைக்கிறவங்க ஆரம்பிக்கிறாங்க. அப்ப நம்ம ஃபார்முலா எம்மாத்திரம்.

சரி, விஷயத்துக்கு வரேன். இன்ஸ்டால் பண்றது ரெண்டு நிமிஷ வேல. பிரவுசர்ல ஏற்கனவே சேவ் ஆகியிருந்த பாஸ்வேர்ட எல்லாம் சிஎஸ்வி ஃபைலா எடுத்து உள்ள இழுத்துக்கலாம், நானும் அப்படித்தான் பண்ணேன், 163 என்ட்ரி வந்துச்சு. இங்க ஒரு எச்சரிக்கை. அந்த சிஎஸ்வி ஃபைல்ல எல்லா பாஸ்வேர்டும் பச்சையா, யார் திறந்தாலும் படிக்கிற மாதிரி இருக்கும். இழுத்து முடிச்ச உடனே அழிக்கணும், ரீசைக்கிள் பின்லயும் அழிக்கணும். நான் எவ்ளோ உஷாருன்னா, பாதுகாப்புக்காக இவ்ளோ பண்ணிட்டு அந்த ஃபைல டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல பதினோரு நாள் விட்டு வச்சிருந்தேன்.

உள்ள ரிப்போர்ட்ஸ்னு ஒரு எடம் இருக்கு, அதுல ஹெல்த் செக். நம்ம பாஸ்வேர்ட ஒண்ணொண்ணா பாத்து எது சொத்தை, எது ரெண்டு எடத்துல இருக்கு, எது பழசுன்னு பட்டியல் போடும். எனக்கு வந்த பட்டியல ஸ்க்ரோல் பண்ணவே நேரமாச்சு, ஒரே செவப்பு. டாக்டர்கிட்ட ரிப்போர்ட் வாங்கிட்டு வெளிய வந்து யார்கிட்டயும் காட்டாம மடிச்சு வச்சுக்குவோமே, அந்த ஃபீலிங். டெய்லி ராத்திரி நாலு சைட்டுன்னு கணக்கு வச்சு மாத்த ஆரம்பிச்சேன், ரெண்டு மாசம் ஆச்சு. அதுல பாதி சைட்ல எனக்கு அக்கவுன்ட் இருந்ததே மறந்து போச்சு, மாத்துறதுக்கு பதிலா அக்கவுன்டையே மூடிட்டேன். மூடுற பட்டன ஒளிச்சு வைக்கிறதுல ஒவ்வொரு கம்பெனியும் காட்டுற தெறமைய வேற எதுலயாச்சும் காட்டியிருக்கலாம்.

அதே ரிப்போர்ட்ஸ்லயே கசிஞ்ச பாஸ்வேர்டான்னு ஹேவ் ஐ பீன் போன்ட்ல செக் பண்ற வசதியும் இருக்கு. "அய்யோ, அப்ப என் பாஸ்வேர்ட அவன்கிட்ட அனுப்புதா"ன்னு நானும் மொதல்ல பயந்தேன். அனுப்பாது. பாஸ்வேர்ட ஹாஷ் பண்ணி, அதாவது திரும்ப பழையபடி மாத்த முடியாத ஒரு எழுத்துக் கோர்வையா அரைச்சு, அந்த ஹாஷோட மொத அஞ்சு எழுத்த மட்டும் அனுப்பும், அந்த அஞ்சு எழுத்துல ஆரம்பிக்கிற எல்லா ஹாஷையும் அந்தப் பக்கம் கொத்தா திருப்பிக் குடுத்துடும், நம்மளோடது அதுல இருக்கான்னு நம்ம மெஷின்லயே பாத்துக்கும். யோசிச்சவங்களுக்கு ஒரு கும்பிடு போடலாம். நாமளா பட்டன அழுத்துனாதான் அதுவும் நடக்கும், தானா எங்கயும் போகாது.

மாஸ்டர் பாஸ்வேர்டுக்கு வருவோம், ஏன்னா இதுலதான் நிறைய பேர் சொதப்புறாங்க. ஆர்னால்ட் ரைன்ஹோல்ட்னு ஒருத்தர் 1995ல டைஸ்வேர்னு ஒரு முறை சொன்னாரு. பகடைய அஞ்சு தடவ உருட்டு, வர்ற அஞ்சு நம்பருக்கு நேரா லிஸ்ட்ல என்ன வார்த்தை இருக்கோ அத எடுத்துக்கோ. ஆறு முகம், அஞ்சு தடவ, அப்ப லிஸ்ட்ல 7776 வார்த்தை. பிட்னா ஊகிக்கிறது எவ்ளோ கஷ்டம்ங்கிற அளவு, ஒரு பிட் கூடுனா கஷ்டம் ரெண்டு மடங்கு. ஒரு வார்த்தைக்கு கிட்டத்தட்ட 12.9 பிட், ஆறு வார்த்தை எடுத்தா 77 பிட் வந்துடும், அது போதும் போதும்னு ஆயிடும். கீபாஸ்எக்ஸ்சிலயே இதுக்கு ஜெனரேட்டர் இருக்கு, பகடை ஐகானையே போட்டு வச்சிருக்காங்க, அழுத்துனா வார்த்தை வரும், எத்தன பிட்டுன்னு கீழயே காட்டும். நான் முந்தி எனக்குப் புடிச்ச வார்த்தையா ஆறு கோர்த்து வச்சேன், அப்புறம்தான் புரிஞ்சுது, நம்ம மனசுக்கு புடிச்சதுன்னு எடுத்தாலே அது ரேண்டம் இல்ல. மெஷின் குடுத்த ஆறு சம்பந்தமில்லாத வார்த்தைய எடுத்துக்கிட்டேன். மொத வாரம் விரல் தட்டுத் தடுமாறுச்சு, நாலாவது வார்த்தைல டெய்லி ஒரு எழுத்த விட்டுட்டு "தப்பு"ன்னு திட்டு வாங்குவேன். இப்ப கண்ண மூடிட்டு அடிப்பேன், வார்த்தைய சொல்லுன்னா சட்டுனு சொல்ல வராது, விரலுக்குத்தான் தெரியும்.

புது ஃபைல் உருவாக்கும்போது டிக்ரிப்ஷன் டைம்னு ஒரு ஸ்லைடர் வரும், தானா ஒரு செகண்ட்ல நிக்கும். இது என்ன வேணும்னே லேட் பண்றானேன்னு கடுப்பாகாதீங்க. மாஸ்டர் பாஸ்வேர்ட ஃபைலோட சாவியா மாத்துறதுக்கு உள்ள ஆர்கான்2ன்னு ஒரு சமாச்சாரம் ஓடுது, 2015ல இதுக்குன்னே நடந்த போட்டில ஜெயிச்சது, நேரத்தையும் மெமரியையும் சேத்து தின்னும். நமக்கு ஒருநாளைக்கு நாலு தடவ ஒரு செகண்ட் போனா ஒண்ணும் குடி முழுகிடாது, ஃபைல திருடிட்டுப் போனவன் கோடிக்கணக்குல போட்டுப் பாக்கணும்ல, அவனுக்கு ஒவ்வொரு தடவையும் அந்த செலவு இருக்கு. இதக் கேட்டதும் எனக்கு ஆசை அதிகமாயி ஸ்லைடர அஞ்சு செகண்டுக்கு தள்ளிட்டேன். லேப்டாப்ல ஓகே, ஃபோன்ல திறக்கிறதுக்குள்ள ஸ்க்ரீன் அணைஞ்சு போச்சு. மறுநாளே பழையபடி ஒரு செகண்டுக்கு எறக்கிட்டேன்.

சைட்ல பாஸ்வேர்ட நிரப்பிக் குடுக்கிற பிரவுசர் எக்ஸ்டென்ஷன் தனியா போடணும், செட்டிங்ஸ்ல பிரவுசர் இன்டக்ரேஷன ஆன் பண்ணணும், மொத தடவ ரெண்டையும் இணைக்கும்போது அந்த இணைப்புக்கு ஒரு பேர் வைக்கச் சொல்லும். இது கொஞ்சம் பழைய ஸ்டைல். மத்ததுல எல்லாம் ஒரு லாகின்ல முடியுற வேல. லினக்ஸ்ல பிரவுசர ஸ்னாப், பிளாட்பேக்னு தனி டப்பால அடைச்சு வர்ற பேக்கேஜா போட்டிருந்தீங்கன்னா இந்த இணைப்புக்கு இன்னும் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டி வரலாம். ஒருதடவ இணைஞ்சிட்டா சத்தமே இல்லாம வேல செய்யும்.

இந்த எக்ஸ்டென்ஷனுக்காகவே நான் இத விடாம வச்சிருக்கேன்னு சொல்லலாம், அதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஒருநாள் ஒரு பார்சல் சம்பந்தமா மெசேஜ் வந்துச்சு, உண்மைலயே அன்னிக்கு ஒரு பார்சல் எதிர்பாத்துட்டு இருந்தேன். லிங்க அழுத்துனா அச்சு அசலா அதே பேஜ், அதே கலர், அதே லோகோ. லாகின் பாக்ஸ்ல வழக்கமா வர்ற பச்சை ஐகான அழுத்துறேன், "இந்த சைட்டுக்கு ஒண்ணும் இல்ல"ங்குது. எனக்கு எக்ஸ்டென்ஷன் மேல கோவம். இது எப்ப பாத்தாலும் இப்படித்தான்னு திட்டிக்கிட்டே கீபாஸ்எக்ஸ்சி விண்டோவ திறந்து, அந்த என்ட்ரிய தேடி, பாஸ்வேர்ட காப்பியும் பண்ணிட்டேன். பேஸ்ட் பண்ண கர்சர அந்த பாக்ஸுக்கு கொண்டு போற வழில கண்ணு மேல அட்ரஸ் மேல பட்டுச்சு. பேருக்கு நடுவுல தேவையே இல்லாம ஒரு சின்ன கோடு. அந்தக் கோட்ட நான் பாக்காம விட்டிருப்பேன், எக்ஸ்டென்ஷனுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கு, அது எழுத்து எழுத்தா ஒத்துப் பாக்குது, லோகோவெல்லாம் அதுக்கு கண்ணுலயே தெரியாது. காப்பி பண்ணது பத்து செகண்ட்ல கிளிப்போர்டுல இருந்து தானா அழிஞ்சிடும், அதுவும் அழிஞ்சு போச்சு. அதுல இருந்து எக்ஸ்டென்ஷன் "இல்ல"ன்னா நான் கைய கட்டிட்டு மேல பாப்பேன், அட்ரஸ படிப்பேன். மெஷின் சண்டித்தனம் பண்ணுதுன்னு நெனச்சு நாமளே கைல எடுத்துக் குடுக்கிற அந்த ஒரு நிமிஷம்தான் ஆபத்து.

இப்ப கடுப்பான கதை. பாஸ்வேர்ட் ஜெனரேட்டர்ல நான் 32 எழுத்து வச்சிருக்கேன், எப்படியும் நாம அடிக்கப் போறதில்ல. ஒரு சைட், பேர் வேணாம், அதுல பாஸ்வேர்ட மாத்தினேன். "வெற்றிகரமாக மாற்றப்பட்டது"ன்னு வந்துச்சு. வெளிய வந்து திரும்ப உள்ள போறேன், "தவறான கடவுச்சொல்". மறுபடி ரீசெட், மறுபடி மாத்து, மறுபடி தவறு. மூணாவது தடவ அக்கவுன்டயே இருபத்தி நாலு மணி நேரத்துக்கு பூட்டிட்டான். கஸ்டமர் கேர்ல கேப்ஸ் லாக் ஆன்ல இருக்கா பாருங்கன்னாங்க. மறுநாள் பொறுமையா உக்காந்து பாத்தா, மாத்துற பேஜ்ல இருக்கிற பாக்ஸ் இருபது எழுத்துக்கு மேல எடுத்துக்கவே இல்ல, ஆனா அத சொல்லவும் இல்ல, மீதி பன்னண்ட சத்தமில்லாம முழுங்கிட்டு "வெற்றிகரம்"னு சொல்லிட்டான். லாகின் பேஜ்ல முப்பத்ரெண்டையும் எடுத்துக்குது. அப்ப எப்படி ஒத்துப் போகும்? இருபது எழுத்து வச்சதும் திறந்துச்சு.

இதுல என்ன கொடுமைன்னா, அமெரிக்க அரசோட தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017ல போட்ட வழிகாட்டிலயே தெளிவா இருக்கு: பாஸ்வேர்ட வெட்டக் கூடாது, குறைஞ்சது 64 எழுத்து வரைக்கும் ஏத்துக்கணும், பேஸ்ட் பண்ண விடணும், காரணமில்லாம மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்தச் சொல்லக் கூடாது. அந்த மூணு மாச கொடுமைக்கும் ஸ்பெஷல் கேரக்டர் கொடுமைக்கும் மூலம் 2003ல அதே நிஸ்ட்டுக்கு பில் பர்ன்னு ஒருத்தர் எழுதுன வழிகாட்டி, அவரே 2017ல பேட்டி குடுத்து அதுக்காக வருத்தப்பட்டுட்டாரு. எழுதுன ஆளே வருத்தப்பட்டாச்சு, நம்ம ஆஃபீஸ் சிஸ்டம் இன்னும் தொண்ணூறு நாளைக்கு ஒருக்கா மாத்துன்னு நிக்குது. பேஸ்ட் பண்ண விடாத சைட்டுகளுக்கு கீபாஸ்எக்ஸ்சில ஆட்டோ டைப்னு ஒண்ணு இருக்கு, கீபோர்ட்ல அடிக்கிற மாதிரியே எழுத்து எழுத்தா அதுவே அடிச்சிடும், சைட்டுக்கு வித்தியாசம் தெரியாது. லினக்ஸ்ல வேலேண்ட்ங்கிற புது டிஸ்ப்ளே முறைய ஓட்டுறவங்களுக்கு மட்டும் இது சரியா வராது.

சரி, குறைக்கு வருவோம். பெரிய குறை ஒண்ணே ஒண்ணுதான், ஆனா அது நெஜமாவே பெருசு. சிங்க் கிடையாது. லேப்டாப்ல இருக்கிறது ஃபோனுக்கு எப்படி போகும்? அது உன் பாடு. ஃபோனுக்கு இவங்க ஆப்பே விடல, அதே ஃபைல திறக்கிற வேற ஆளுங்களோட ஆப்ப போடணும். ஆண்ட்ராய்டுன்னா கீபாஸ்டிஎக்ஸ், கீபாஸ்2ஆண்ட்ராய்டு, ஐஃபோன்னா ஸ்ட்ராங்பாக்ஸ், கீபாஸியம். ஆப் எல்லாம் நல்லாதான் இருக்கு, ஃபைல்தான் நடுவுல அலையுது. நான் ஒரு கிளவுட் டிரைவ்ல போட்டு ரெண்டு பக்கமும் இணைச்சேன். ஃபோன்ல ஒரு புது என்ட்ரி போட்டேன், அதே நேரம் லேப்டாப் ஆஃப்லைன்ல இருந்துச்சு, அதுல வேற ஒரு பாஸ்வேர்ட மாத்திட்டேன். ஆன்லைன் வந்ததும் ஃபோல்டர்ல ரெண்டு ஃபைல், ஒண்ணு பேர் பக்கத்துல "முரண்பட்ட நகல்"னு. எதுல எது இருக்குன்னு எனக்கு ஒண்ணும் புரியல. நல்லவேளையா மெர்ஜ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, ரெண்டையும் குடுத்தா எந்த என்ட்ரி எப்ப மாறுச்சுன்னு பாத்து சேத்துடும், ஒழுங்காவே சேத்துச்சு. ஒவ்வொரு என்ட்ரிக்கும் பழைய பாஸ்வேர்ட் என்னன்னு ஹிஸ்டரியும் இருக்கு, அதனால தப்பா மாத்திட்டாலும் திரும்ப எடுத்துக்கலாம். ஆனா இதெல்லாம் எங்க அக்காகிட்ட சொன்னா "டேய், எனக்கு வேற வேல இல்லையா"ன்னுதான் கேப்பாங்க, அது நியாயம்தான்.

அதவிட பெரிய கூத்து ஒண்ணு நடந்துச்சு. ஃபோன் கீழ விழுந்து செத்துப் போச்சு. புது ஃபோன் வந்துச்சு, சந்தோஷமா ஆப்ப போட்டேன், ஃபைல் எங்கன்னு கேக்குது. ஃபைல் கிளவுட் டிரைவ்ல. கிளவுட் டிரைவுக்குள்ள போக பாஸ்வேர்ட் வேணும். அந்த பாஸ்வேர்ட் எங்க? ஃபைலுக்குள்ள. சரி அதையாச்சும் எப்படியாச்சும் போட்டாலும், அதுக்கு மேல ஆறு இலக்க ஓடிபி கேக்கும், அந்த 30 செகண்டுக்கு ஒருக்கா மாறுற நம்பரையும் நான் புத்திசாலித்தனமா அதே ஃபைலுக்குள்ளயே வச்சிருந்தேன். பெட்டிக்குள்ள சாவிய வச்சு பெட்டிய பூட்டுன கதை. லேப்டாப் வீட்ல இருந்ததால தப்பிச்சேன். ரெண்டும் ஒரே பைல இருந்து அந்தப் பை காணாமப் போயிருந்தா? அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. இப்ப ரெண்டு பென் டிரைவ்ல காப்பி இருக்கு, மாசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கிறேன், ஒண்ணு வீட்ல, இன்னொண்ணு அக்கா வீட்ல. கிளவுட் டிரைவோட ரெக்கவரி கோட தனியா பேப்பர்ல எழுதி வச்சிருக்கேன். ஓடிபிய பாஸ்வேர்டோட ஒரே ஃபைல்ல வைக்கலாமா கூடாதான்னு ரெண்டு கட்சி இருக்கு. வைக்கிறது ஒண்ணும் கொலக்குத்தம் இல்ல, ஓடிபியே இல்லாததுக்கு அது எவ்வளவோ மேல், ஆனா மெயிலுக்கும் கிளவுட் டிரைவுக்கும் மட்டும் நான் வெளிய எடுத்துட்டேன்.

இவ்ளோ கஷ்டத்துக்கு பேசாம பிட்வார்டன்னு இருக்கிற இன்னொரு பாஸ்வேர்ட் மேனேஜர போட்டுட்டுப் போலாமேன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அதுவும் ஓபன் சோர்ஸ்தான், இலவச பிளான்லயே எத்தன பாஸ்வேர்ட் வேணா, எத்தன டிவைஸ் வேணா வச்சுக்கலாம், சிங்க் பத்தி யோசிக்கவே வேணாம். நம்ம பாஸ்வேர்ட் பெட்டி அவங்க சர்வர்ல இருக்கும், ஆனா பூட்டித்தான் போகும், அவங்களால திறக்க முடியாது. முக்காவாசி பேருக்கு நான் அதத்தான் சொல்லுவேன். எனக்கு ஏன் மனசு ஒத்துக்கலன்னா 2022ல லாஸ்ட்பாஸ்ங்கிற இதே மாதிரி ஆன்லைன் பாஸ்வேர்ட் மேனேஜர்ல நடந்தது. அங்க வாடிக்கையாளர்களோட பெட்டியோட காப்பியவே தூக்கிட்டுப் போய்ட்டாங்க, பாஸ்வேர்ட் எல்லாம் என்கிரிப்ட் ஆகித்தான் இருந்துச்சு, ஆனா எந்தெந்த சைட்ல அக்கவுன்ட்ங்கிற அட்ரஸ் எல்லாம் பூட்டாம இருந்துச்சு. மாஸ்டர் பாஸ்வேர்ட் சொத்தையா வச்சவங்க பெட்டிய ஆற அமர உக்காந்து உடைச்சுப் பாக்கலாம், அவசரமே இல்ல. கோடிக்கணக்கான பேர் பெட்டி ஒரே எடத்துல இருந்தா அத தேடி பெரிய திருடன் வருவான், என் ஒருத்தன் ஃபைலுக்காக எவன் வருவான்ங்கிறதுதான் என் கணக்கு. அந்த ஃபைலும் ஒரு கிளவுட்லதானே கெடக்குன்னு நீங்க கேட்டா, ஆமா, பதில் இல்ல. கீ ஃபைல்னு ஒண்ண, அதாவது மாஸ்டர் பாஸ்வேர்டோட ரெண்டாவது சாவியா ஒரு தனி ஃபைல, கூட சேத்து பூட்டிக்கலாம், அத கிளவுட்ல போடாம டிவைஸ்ல மட்டும் கையால காப்பி பண்ணிக்கிட்டேன், கொஞ்சம் மனசு ஆறுச்சு.

அக்காவுக்கு பிட்வார்டன் போட்டுக் குடுத்தேன், ஒரு வருஷமா ஒரு ஃபோன் கால் கூட வரல, அதுக்கு மேல என்ன ரிவ்யூ வேணும். அப்பா கதை வேற. அவருகிட்ட ஒரு பழைய டைரி இருக்கு, அதுல எல்லா பாஸ்வேர்டும் நீல மைல, மாத்துனது செவப்பு மைல, பழச கோடு போட்டு அடிச்சிருக்காரு, பக்கத்துல தேதி. நான் இத்தன பேசி முடிச்சதும், "ஏன்டா, இந்த டைரிய இன்டர்நெட் வழியா எவன்டா வந்து எடுப்பான்"னு கேட்டாரு. எனக்கு சத்தியமா பதில் வரல. வேற வேற பாஸ்வேர்டா வச்சு, டைரிய வீட்ட விட்டு வெளிய கொண்டு போகாம இருந்தா, ஒரே பாஸ்வேர்ட எல்லா எடத்துலயும் வச்சுட்டு ஞாபகசக்தி பத்தி பெரும பேசுறவன விட அவரு நல்லாவே பாதுகாப்பா இருக்காரு. எரிஞ்சாலோ தொலைஞ்சாலோதான் வம்பு. பாஸ்வேர்ட மட்டும் நான் ஜெனரேட் பண்ணிக் குடுக்குறேன், அவரு டைரில எழுதிக்கிறாரு, போலி லிங்க்ல தானா கைல அடிச்சிடுவாருங்கிற பயம் மட்டும் இருக்கு, அதனால மெசேஜ்ல வர்ற எந்த லிங்க்கையும் தொடக்கூடாதுன்னு ஒரு ஒப்பந்தம்.

சின்னச் சின்ன விஷயங்கள் சிலது. விண்டோவோட தோற்றம் அழகுப் போட்டிக்குப் போகாது, ஆனா தேடுற பாக்ஸ்ல ரெண்டு எழுத்து அடிச்சா என்ட்ரி வந்து நிக்கும், அந்த வேகம் எனக்கு வேற எதுலயும் கிடைக்கல. விண்டோஸ்லயும் மேக்லயும் இதோட விண்டோ ஸ்க்ரீன் ஷேர்ல தெரியாது. இது தெரியாம ஒரு ஃப்ரெண்டுக்கு கால்ல "இதோ இந்த பட்டன், இங்க பாரு, பச்சையா இருக்கு பாரு"ன்னு கால் மணி நேரம் காட்டிட்டு இருந்தேன், அவன் "மச்சி எனக்கு உன் வால்பேப்பர்தான் தெரியுது"ன்னான். வேணும்னே பண்ணி வச்ச பாதுகாப்பு அது, தேவைப்பட்டா அனுமதிச்சுக்கலாம். பாஸ்வேர்டுக்கு பதிலா வந்திருக்கிற டிஜிட்டல் சாவியான பாஸ்கீயும் 2024ல வந்த 2.7.7 வெர்ஷன்ல இருந்து வச்சுக்கலாம், நான் மூணு சைட்டுக்கு வச்சிருக்கேன், நல்லாதான் ஓடுது, ஆனா பாஸ்கீ குடுத்த சைட்டே இன்னும் பாஸ்வேர்டையும் வச்சுக்கச் சொல்லுது, அப்ப எதுக்குன்னு புரியல. குடும்பத்துல ரெண்டு மூணு பாஸ்வேர்ட மட்டும் பகிர்ந்துக்க கீஷேர்னு ஒரு வசதி இருக்கு, செட் பண்ணிப் பாத்தேன், அந்த நேரத்துல நேர்ல போய் சொல்லிட்டே வந்திருக்கலாம்.

அப்ப யாருக்கு இது? ஃபைல்னா என்ன ஃபோல்டர்னா என்னன்னு தெரிஞ்சு, பேக்கப் எடுக்கிற பழக்கம் ஏற்கனவே இருக்கிறவங்களுக்கு. "பேக்கப்பா, எடுக்கணும் எடுக்கணும்னு பாக்குறேன்"னு சொல்ற ரகமா இருந்தா தயவு செஞ்சு பிட்வார்டன் பக்கம் போயிடுங்க. இங்க மாஸ்டர் பாஸ்வேர்ட் மறந்துட்டா ஃபர்கெட் பாஸ்வேர்ட்னு ஒரு லிங்க் கிடையாது, மெயில் போட ஆள் கிடையாது, அழுதாலும் பெரண்டாலும் திறக்காது. இன்னொண்ணு, மாஸ்டர் பாஸ்வேர்ட மாத்துனா பழைய பென் டிரைவ்ல இருக்கிற காப்பி பழைய பாஸ்வேர்டுக்குத்தான் திறக்கும், அதையும் சேத்துப் புதுப்பிக்கணும், நிறைய பேர் இத மறந்துடுவாங்க.

மறந்துடுவாங்கன்னு ஊருக்கு சொல்றேன். என் மாஸ்டர் பாஸ்வேர்ட ஒரு பேப்பர்ல எழுதி, கவர்ல போட்டு ஒட்டி, எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா பிரின்னு அக்காகிட்ட குடுத்து வச்சிருக்கேன். போன மாசம் அந்த நாலாவது வார்த்தைய மாத்துனேன். கவர் இன்னும் பழைய கவர்தான், அங்க இருக்கிற பென் டிரைவும்தான். ஞாயித்துக்கிழமை போறேன்னு அக்காவுக்கு இப்பதான் மெசேஜ் போட்டேன்.